சாப்பாட்டு அறையில் ஆற்றுக் காற்று

கார்னீலியா: இழுங்க... இன்னும் கொஞ்சம்... ஐயோ, பாவாடைய இழுக்காதீங்க, என்னைய இழுங்க!

பெர்னிஸ்: எது பாவாடை, எது நீங்கன்னே தெரியலையே மிஸ் கார்னீலியா. பாவாடைக்குள்ள இவ்ளோ பெரிய வளையத்தப் போட்டுக்கிட்டு அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவுல நுழைஞ்சா மாட்டாம என்ன செய்யும்?

கார்னீலியா: நாப்பது வருஷமா இதே பாவாடை, இதே சந்து. போன வசந்தத்துல கூட நுழைஞ்சு வந்தேன்.

பெர்னிஸ்: அப்ப அலமாரிதான் பெருத்திருக்கும்.

கார்னீலியா: நக்கலு... அப்பாடா! வந்துட்டேன். உங்களுக்கென்ன, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற ஊதா கவுனைப் போட்டுக்கிட்டு ஹாயா நிக்கிறீங்க.

பெர்னிஸ்: முதல் நாளே சொன்னேன்ல? வீட்டச் சுத்திக் காட்ட வர்றேன், ஆனா அந்தக் காலத்து எஜமானியம்மா கூண்டுக்குள்ள மட்டும் கறுப்பினத்துக்காரி நான் நுழைய மாட்டேன்னு.

கார்னீலியா: சரி, சரி. மணி என்ன?

பெர்னிஸ்: பத்தாகப் போகுது. முதல் கூட்டம் வாசல்ல நிக்குது.

கார்னீலியா: மார்ஜரி இருக்காளா பாருங்க. வெள்ளைத் தொப்பி. கையில எப்பவும் ஒரு அட்டையும் பென்சிலும் இருக்கும்.

பெர்னிஸ்: இல்ல. எல்லாம் வெளியூர்க்காரங்க. அஸேலியாப் பூவுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. தலையெல்லாம் பைன் மரத்துலருந்து கொட்டின மஞ்சப் பூந்தூள்.

கார்னீலியா: சுற்றுலா நடத்தற சங்கத்துக்கே தலைவி, சுத்திப் பாக்க நாப்பது பழைய வீடு இருக்கற ஊர்ல, கடைசி நாள் பாத்து என் வீட்டுக்கு வர்றா.

பெர்னிஸ்: வரட்டுமே. வெள்ளி ஸ்பூன எண்ணிப் பாத்துட்டுப் போகட்டும்.

கார்னீலியா: ஸ்பூன எண்ண வரல. நான் பேசறதக் கேக்க வர்றா. போன வசந்தத்துல எவளோ... எவனோ... வாசல்ல வச்சிருக்கற நோட்டுல எழுதிட்டுப் போனாங்கல்ல, அதுக்காக.

பெர்னிஸ்: என்ன எழுதினாங்க?

கார்னீலியா: நூறு தடவ சொல்லிட்டேன்.

பெர்னிஸ்: நூத்தியோராவது தடவ சொல்லுங்க. கேக்க நல்லாருக்கு.

கார்னீலியா: "மேஜைக்கு மேல தொங்கற இந்தப் பங்கா விசிறி ஆத்துக் காத்துலயே ஆடுதுன்னா, சன்னலச் சாத்திட்டு ஆட்டிக் காட்டுங்க. அந்தக் கயித்தப் பிடிச்சு நின்ன ஆளுக்கு ஒரு பேர் உண்டு." அவ்ளோதான். கீழ கையெழுத்து கூடப் போடல.

பெர்னிஸ்: யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்க?

கார்னீலியா: நீங்க சொல்லுங்க.

பெர்னிஸ்: ஓஹையோக்காரங்களா இருக்கும். அவங்கதான் எல்லாத்தையும் தட்டிப் பாத்து வாங்கறவங்க.

கார்னீலியா: ...இருக்கும், இருக்கும். ஓஹையோவேதான்.

பெர்னிஸ்: அந்தப் பக்கத்தக் கொஞ்சம் காட்டுங்களேன். வாசல் நோட்டப் புரட்டிப் பாத்தேன், போன வருஷ ஏப்ரல்ல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு.

கார்னீலியா: மார்ஜரி கையில இருக்கு.

பெர்னிஸ்: அவ கைக்கு எப்படிப் போச்சு?

கார்னீலியா: எப்படியோ போச்சு! ஊர்ல நம்ம மேல பொறாமைப்படறவங்களுக்கா பஞ்சம்? இன்னைக்கு அவளுக்குத் திருப்தி இல்லன்னா அடுத்த வருஷச் சுற்றுலா வரைபடத்துல இந்த வில்லோமியர் வீடு இருக்காது. எங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போலருந்து அதுல இருக்கற வீடு.

பெர்னிஸ்: இல்லாட்டி என்ன? நிம்மதியா உக்காந்து டீ குடிப்பீங்க.

கார்னீலியா: யாரோட? கிளேட்டன் சியாட்டில்ல இருக்கான், போன்ல "நல்லாருக்கியாம்மா"ன்னு கேட்டுட்டு வச்சுடுவான். வருஷம் முழுக்க இந்தப் பதினாலு ரூம்ல நானும் கடியாரமும்தான். இந்த மூணு வாரம்தான் இந்த வீட்ல காலடிச் சத்தம் கேக்குது, பெர்னிஸ். அதையும் எடுத்துட்டாங்கன்னா... வந்துட்டாங்க, வந்துட்டாங்க. சிரிங்க.

பெர்னிஸ்: சிரிச்சுட்டுதான் இருக்கேன்.

கார்னீலியா: வாங்க, வாங்க! வில்லோமியர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு நல்வரவு. நான் கார்னீலியா, இந்த வீட்ல பொறந்து, இங்கயே வளந்து, இங்கயே நரைச்சவ. நாற்காலியில யாரும் உக்காரக் கூடாது... ஆமாம்மா, நீங்களும்தான்... இப்ப மேல பாருங்க. மிசிசிப்பி ஆத்தோரத்துல இவ்ளோ பெரிய பங்கா வேற எந்த வீட்லயும் கிடையாது. ஒரே மஹாகனிப் பலகை. எங்க முப்பாட்டன் காலத்துலருந்து மேஜைக்கு மேல தொங்குது. பாத்தீங்களா... பாத்தீங்களா... ஆடுது! யாராவது தொட்டாங்களா? தொடல. சன்னல் வழியா வர்ற ஆத்துக் காத்து! அவ்ளோ நுட்பமாத் தொங்க விட்டிருக்காங்க. உள்நாட்டு யுத்தத்தப்போ வடக்குப் படை ஜெனரல் ஒருத்தர் இதுக்குக் கீழ உக்காந்து எங்க வீட்டு வான்கோழிய ஒரு பிடி பிடிச்சுட்டு, "இப்படிச் சாப்பாடு போட்ட வீட்ட எரிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போனார்... என்னங்க கேட்டீங்க? பேயா? பேய் மாடியில. அதப் பத்தி மாடியில இருக்கறவங்க சொல்வாங்க.

பெர்னிஸ்: இந்தப் பக்கம் வாங்க. இதெல்லாம் அந்தக் காலத்து வெள்ளிப் பாத்திரம். யுத்தத்தப்போ கிணத்துல போட்டு ஒளிச்சு வச்சாங்க. ராத்திரியில அந்தக் கிணத்துல இறங்கினது யாருன்னு... சரி, அத விடுங்க. படி பாத்து ஏறுங்க. கைப்பிடியப் பிடிச்சுக்குங்க ஐயா.

கார்னீலியா: போயிட்டாங்களா?

பெர்னிஸ்: போயிட்டாங்க. நேத்து ஜெனரல் வாத்துதானே சாப்பிட்டார்?

கார்னீலியா: நேத்தா?

பெர்னிஸ்: முந்தாநேத்து மான் தொடை. போன வாரம் ஒரு முழு ஆடு. மூணு வாரமா நானும் பாக்கறேன், அந்த மனுஷன் ஊர எரிக்காமப் போனதுக்குக் காரணம் எழுந்திரிக்க முடியாமப் போனதுதான்.

கார்னீலியா: கேக்கறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லணும் பெர்னிஸ். அந்த டெக்ஸஸ் ஆளு எவ்ளோ பெருசா இருந்தார்? அவர்கிட்டப் போய் ஜெனரல் வாத்து சாப்பிட்டார்னா மதிப்பாரா?

பெர்னிஸ்: சரடு விடறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. கிளேட்டன் என் கிளாஸ்ல இருந்தப்பவே நெனைச்சேன், இது எங்கிருந்தோ வந்திருக்கணுமேன்னு.

கார்னீலியா: உங்க மூணாங் கிளாஸ் டீச்சர் வேலைய இங்க காட்டாதீங்க. இந்தாங்க, ஹாம் வச்ச ரொட்டி. அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள வாயில போடுங்க.

பெர்னிஸ்: நீங்க உக்காருங்க, சாப்பிடறேன்.

கார்னீலியா: நான் எதுக்கு உக்காரணும்?

பெர்னிஸ்: ஒருத்தர் நிக்கும்போது இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது. எங்க வீட்டுச் சட்டம்.

கார்னீலியா: இது என்ன கூத்து! இந்த வளையத்தோட நான் உக்காந்தா பாவாடை எழும்பி மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்கும். அப்புறம் ஓஹையோக்காரங்களுக்கு வேற காட்சிதான் கிடைக்கும்.

பெர்னிஸ்: அப்ப ரொட்டி வேணாம்.

கார்னீலியா: பசிக்கலையா?

பெர்னிஸ்: பசிக்குதுதான். சட்டம் சட்டம்தான்.

கார்னீலியா: பிடிவாதக்காரி. எலினோர் இருந்தா மூணு ரொட்டிய முழுங்கிட்டு நாலாவதக் கைப்பையில வச்சிருப்பா.

பெர்னிஸ்: பாவம், இடுப்பு எப்படி இருக்காம் அவங்களுக்கு?

கார்னீலியா: எந்த இடுப்பு?

பெர்னிஸ்: முறிஞ்ச இடுப்பு. அதனாலதானே அவங்களுக்குப் பதிலா என்னக் கூப்பிட்டீங்க.

கார்னீலியா: ஆங்... ஆமா. இடுப்பு. தேறிட்டு வருது. மெதுவா. அந்தச் செடித் தொட்டிய ஏன் நகத்தறீங்க?

பெர்னிஸ்: மூலையப் பெருக்கலாம்னு...

கார்னீலியா: வேணாம், வேணாம். அது அம்மா வச்சது. தண்ணி ஊத்தும்போது கூட அந்த இடத்த விட்டு நகத்தக் கூடாதும்பா.

பெர்னிஸ்: ஏன்?

கார்னீலியா: அடியில பலகை தேஞ்சு போயிருக்கும். அசிங்கமா இருக்குமாம்.

பெர்னிஸ்: எப்படித் தேஞ்சுதாம்?

கார்னீலியா: ...வர்றாங்க. சிரிங்க.

பெர்னிஸ்: எனக்கு வாய் வலிக்குது.

கார்னீலியா: வாங்க, வாங்க! வில்லோமியர்! நான் கார்னீலியா! நாற்காலிகள் முந்நூறு வருஷத்துப் பழசு...

பெர்னிஸ்: காலையில நூத்தெழுபது.

கார்னீலியா: ...கிட்டத்தட்ட! மேல பாருங்க, பங்கா. ஆடுது பாருங்க! ஆத்துக் காத்து. இதுக்குக் கீழதான் ஜெனரல் உக்காந்து கெளுத்தி மீன் வறுவல், இறால், பீக்கன் கொட்டை போட்ட கேக்கு எல்லாத்தையும் வழிச்சுச் சாப்பிட்டுட்டு... என்னம்மா? கயிறா? எந்தக் கயிறு? ஓ, அந்தப் பட்டுக் கயிறு. அது சும்மா அழகுக்கு. இல்லம்மா, யாரும் இழுக்கல, காத்துதான்... இல்லம்மா, காத்து இல்லாத நாளே இந்த ஊர்ல கிடையாது...

பெர்னிஸ்: மஞ்சத் தொப்பி போட்ட அம்மா, நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. இங்க வாங்க, வெள்ளிப் பாத்திரம் பாக்கலாம்.

கார்னீலியா: எல்லாரும் போயாச்சா? அந்த மஞ்சத் தொப்பி என்ன கேள்வி கேக்குது! பெர்னிஸ், அந்தக் கதவ ஒரு நிமிஷம்... ஆ! ஐயோ! அம்மா!

பெர்னிஸ்: என்னாச்சு?

கார்னீலியா: கால்... கால் மடங்கிடுச்சு. பிடிங்க, பிடிங்க... சுவரோட சாச்சு விடுங்க. ஆண்டவரே, உயிர் போகுது.

பெர்னிஸ்: பாவாடையத் தூக்குங்க, பாக்கறேன். ...நல்லா வீங்கிடுச்சு. இது என்ன, கால் கட்டைவிரல்ல கயிறு?

கார்னீலியா: அது... அது ஒண்ணுமில்ல.

பெர்னிஸ்: மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு மாதிரி இருக்கே. எங்க போகுது? சன்னல் திரைக்குப் பின்னாடி ஏறி... மேல... பங்காவுக்குப் போகுது!

கார்னீலியா: கத்தாதீங்க!

பெர்னிஸ்: அப்ப ஆத்துக் காத்து?

கார்னீலியா: நான்தான் ஆத்துக் காத்து.

பெர்னிஸ்: அடேயப்பா! எனக்குத் தெரியவே தெரியாதே!

கார்னீலியா: நாப்பது வருஷமா இந்தக் கட்டைவிரல்தான். எனக்கு முன்னாடி அம்மா. பங்கா தானா ஆடும்னு அவதான் ஆரம்பிச்சா. வர்றவங்க வாயப் பொளந்து பாத்தாங்க. அப்புறம் எப்படி நிறுத்தறது? ...இப்ப சிரிச்சு முடிச்சீங்கன்னா ஒரு உதவி பண்ணுங்க. கால அசைக்க முடியல. அடுத்த கூட்டத்தோட மார்ஜரி வந்துடுவா. பங்கா ஆடலன்னா கதையே முடிஞ்சுது.

பெர்னிஸ்: என்ன பண்ணணும்?

கார்னீலியா: பெருசா ஒண்ணுமில்ல. அந்த மூலையில, செடிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, யார் கண்ணுலயும் படாம, இந்த நரம்ப லேசா இழுத்து இழுத்து விட்டீங்கன்னா போதும். லேசாத்தான். கையே வலிக்காது.

பெர்னிஸ்: ...மிஸ் கார்னீலியா.

கார்னீலியா: ம்?

பெர்னிஸ்: இப்ப என்கிட்ட என்ன கேட்டீங்கன்னு, மெதுவா, உங்களுக்குள்ளயே ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

கார்னீலியா: மூலையில நின்னு... யார் கண்ணுலயும் படாம... அந்தக் காலத்து அடிமைப் பிள்ளைங்க மாதிரி இந்தப் பங்காவ... ஐயோ.

பெர்னிஸ்: ம்.

கார்னீலியா: ஐயோ பெர்னிஸ்... நான்... என் வாயில கொள்ளிய வைக்க. உலகத்துல வேற ஆளே இல்லாத மாதிரி உங்ககிட்டப் போய்...

பெர்னிஸ்: என்கிட்டன்னா?

கார்னீலியா: ஒண்ணுமில்ல. மன்னிச்சுடுங்க. நெஜமா யோசிக்கவே இல்ல. வெக்கமா இருக்கு. எங்க பாக்கறதுன்னே தெரியல.

பெர்னிஸ்: வானத்தப் பாருங்க. கருத்துக்கிட்டு வருது.

கார்னீலியா: பேச்ச மாத்தாதீங்க. என்னத் திட்டுங்க.

பெர்னிஸ்: முப்பத்தஞ்சு வருஷம் பசங்களத் திட்டி அலுத்துப் போச்சு. பாருங்க, இடி. ஆத்துப் பக்கத்துலருந்து நேரா வருது. சன்னலுக்கு வெளிய மக்னோலியா மரம் தலைய விரிச்சு ஆடுது. மழை மேஜை மேல அடிக்கப் போகுது.

கார்னீலியா: சன்னல்... சன்னலச் சாத்தினா...

பெர்னிஸ்: காத்து வராது.

கார்னீலியா: சாத்தலன்னா மேஜை நாசமாயிடும். திரையெல்லாம் பட்டு...

பெர்னிஸ்: உங்க வீடு. நீங்க சொல்லுங்க. சாத்தட்டுமா, வேணாமா? தூறல் உள்ள வந்துடுச்சு. வாசல்ல குடை மடக்கற சத்தம் கேக்குது.

கார்னீலியா: சாத்துங்க.

பெர்னிஸ்: நிஜமாவா?

கார்னீலியா: எல்லாத்தையும் சாத்துங்க. நாலையும்.

மார்ஜரி: யப்பா, என்ன மழை! எல்லாரும் உள்ள வாங்க, காலத் துடைச்சுக்குங்க. கார்னீலியா, பதினஞ்சு பேர் இருக்காங்க. நான் ஓரமா நிக்கறேன். நீ எப்பவும் சொல்றதச் சொல்லு.

கார்னீலியா: வா, மார்ஜரி... வாங்க எல்லாரும். வில்லோமியர் வீட்டுக்கு... நான் கார்னீலியா. மேல பாருங்க. பங்கா. ஒரே மஹாகனிப் பலகை. எங்க முப்பாட்டன் காலத்துலருந்து இந்தப் பங்கா ஆத்துலருந்து வர்ற...

மார்ஜரி: ம்?

கார்னீலியா: ஆத்துலருந்து வர்ற...

மார்ஜரி: சன்னலெல்லாம் சாத்தியிருக்கே.

கார்னீலியா: சாத்தியிருக்கு. நான்தான் சாத்தச் சொன்னேன். காத்தும் இல்ல, கீத்தும் இல்ல. இந்தப் பலகை என்ன கனம் தெரியுமா? புயலே அடிச்சாலும் அசையாது. நாப்பது வருஷமா நான் கால் கட்டைவிரல்ல தூண்டில் நரம்பக் கட்டி இழுத்துட்டு இருக்கேன்.

மார்ஜரி: கார்னீலியா!

கார்னீலியா: சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க, பரவால்ல. பெர்னிஸ், அந்த நாற்காலியில உக்காருங்க.

பெர்னிஸ்: எதுல?

கார்னீலியா: மேஜைக்குத் தலைப்பக்கம் இருக்கே, அதுல. எங்க அப்பா உக்காந்தது.

பெர்னிஸ்: நாற்காலியில யாரும் உக்காரக் கூடாதுன்னு இப்பதானே...

கார்னீலியா: உக்காருங்கன்னா உக்காருங்க! மார்ஜரி, அந்தச் செடித் தொட்டிய நகத்து. இன்னும் தள்ளு. நல்லாப் பாத்துக்குங்க எல்லாரும். பலகை ரெண்டு பள்ளமாத் தேஞ்சிருக்கு பாருங்க. அது ரெண்டு பாதம். சின்னப் பாதம். கயிறு எங்க... இந்தா. இது அழகுக்குத் தொங்கற கயிறு இல்ல, இழுக்கற கயிறு. நான் இழுக்கறேன் பெர்னிஸ். நீங்க சொல்லுங்க.

பெர்னிஸ்: கால் வீங்கிக் கிடக்கே...

கார்னீலியா: கையாலதானே இழுக்கணும். சொல்லுங்க.

பெர்னிஸ்: ...அவ பேரு வைனி.

கார்னீலியா: சத்தமா. கடைசியில இருக்கறவங்களுக்குக் கேக்கல.

பெர்னிஸ்: வைனி! இந்த வீட்ல அடிமையாப் பொறந்த பொண்ணு. அவளுக்கு முன்னாடி பல பிள்ளைங்க நின்னு தேஞ்ச இந்த மூலையில ஏழு வயசுல கொண்டாந்து நிறுத்தினாங்க. காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, ராத்திரி விருந்து. எல்லாரும் சாப்பிட்டு எழுந்திரிக்கற வரைக்கும் இந்தக் கயித்த இழுத்துட்டே நிக்கணும். கறி வாசனை, கேக்கு வாசனை எல்லாம் அவ மூஞ்சிக்கு வரும், தட்டு வராது. நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டா. கை மட்டும் தூங்காது.

மார்ஜரி: அப்ப அந்த ஜெனரல் சாப்பிட வந்த அன்னைக்கு...

பெர்னிஸ்: அன்னைக்கும் அவதான் இழுத்தா. ஜெனரல் வான்கோழி சாப்பிடல. வாத்து சாப்பிடல. மீனும் சாப்பிடல. மிஸ் கார்னீலியா மன்னிக்கணும், அந்த மனுஷனுக்கு வயித்துப்போக்கு. உப்புப் போட்ட சோளக் கஞ்சி ஒரு கிண்ணம். அதுலயும் பாதி.

கார்னீலியா: கஞ்சியா!

பெர்னிஸ்: கஞ்சிதான். குடிச்சுட்டு, வைனி விசிறின காத்துல இந்த நாற்காலியிலயே தலை சாஞ்சு தூங்கிட்டார். குறட்டை. வைனி கயித்த விட்டா. மூணு ஈ வந்து ஜெனரல் மூக்குல உக்காந்துச்சு. யாருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல, அவர எழுப்பவும் பயம், ஓட்டவும் பயம். எல்லாரும் ஈயப் பாத்துட்டு நிக்கறப்போ வைனி நடந்து வெளிய போயிட்டா. சமையக்கட்டு வழியா இல்ல. முன் வாசல் வழியா. அவ அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, வடக்குப் படையோட முகாமுக்கு, அங்க போனா விடுதலை. அப்ப அவளுக்கு ஒம்போது வயசு.

மார்ஜரி: இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு? நான் இந்த ஊர் வீடுங்களப் பத்தி ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன்.

பெர்னிஸ்: புஸ்தகத்துல இல்ல.

மார்ஜரி: பின்ன உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெர்னிஸ்: எங்க வீட்ல ஒருத்தர் நிக்கும்போது இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது. அந்தச் சட்டத்தப் போட்டது வைனி. எங்க அம்மாவோட பாட்டி.

கார்னீலியா: பெர்னிஸ்!

பெர்னிஸ்: இழுக்கறத நிறுத்தாதீங்க மிஸ் கார்னீலியா. காத்து நல்லாத்தான் வருது.

கார்னீலியா: மார்ஜரி, வீட்ட வரைபடத்துலருந்து எடுக்கறதுன்னா இப்பவே சொல்லிடு. இத்தன பேர் முன்னாடியே சொல்லு.

மார்ஜரி: சங்கத்துல பேசணும். நான் ஒருத்தி முடிவு பண்ற விஷயமில்ல. சில பேர் குதிப்பாங்க... மூக்கத் துடைக்க யாராவது ஒரு கைக்குட்டை குடுங்களேன். மழையில நனைஞ்சுட்டேன்.

பெர்னிஸ்: இந்தாங்க. மழை மூக்குக்குள்ளயும் பெஞ்சிருக்கு.

மார்ஜரி: நீங்க இப்ப சொன்னதத் திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்க முடியுமா? ஈ உட்பட. கார்னீலியா, நீ அந்தச் செடித் தொட்டிய மறுபடி அங்க வச்ச, எனக்குக் கெட்ட கோபம் வரும். வாங்க எல்லாரும், மாடிக்குப் போவோம். பேய் காத்திருக்கு.

பெர்னிஸ்: கயித்த விடுங்க. போயிட்டாங்க.

கார்னீலியா: கை மரத்துப் போச்சு. பத்து நிமிஷம்தான் இழுத்தேன்.

பெர்னிஸ்: வாங்க. இப்பவாவது உக்காருங்க.

கார்னீலியா: பாவாடை எழும்பும்.

பெர்னிஸ்: எழும்பட்டும். யார் இருக்கா பாக்கறதுக்கு? ...அப்படித்தான். ஐயையோ, உங்க தலை எங்க போச்சு?

கார்னீலியா: இங்கதான் இருக்கேன். வளையத்த அமுக்குங்க. ...ம். ரொட்டிய எடுங்க. இப்ப ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்.

பெர்னிஸ்: ஆறிப் போயிருந்தாலும் நல்லாருக்கு.

கார்னீலியா: வைனி உங்க கொள்ளுப்பாட்டின்னு எனக்குத் தெரியாது பெர்னிஸ். சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மூலையக் காட்டிப் போய் நில்லுங்கன்னு சொல்லியிருப்பேனா?

பெர்னிஸ்: தெரியாதுன்னு தெரியும். அதனாலதான் திட்டல. நானும் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன். போன வசந்தத்துல நான் இங்க வந்தேன். டிக்கெட் வாங்கிக்கிட்டு, கூட்டத்தோட கூட்டமா, கடைசி வரிசையில நின்னேன். அந்தத் தூண்டில் நரம்ப அப்பவே பாத்துட்டேன்.

கார்னீலியா: இத்தன வருஷத்துல யாரும் பாக்கலையே!

பெர்னிஸ்: மூணாங் கிளாஸ் டீச்சர். பெஞ்சுக்கு அடியில யார் காலு என்ன பண்ணுதுன்னு பாத்தே பழகின கண்ணு. எனக்குக் கோபமான கோபம். வெளிய போகும்போது உங்க நோட்டுல...

கார்னீலியா: எழுதினீங்க. தெரியும்.

பெர்னிஸ்: தெரியுமா?

கார்னீலியா: படிச்ச அன்னைக்கே தெரியும். கிளேட்டனோட மூணாங் கிளாஸ் மார்க் கார்டு இன்னும் மேஜை டிராயர்லதான் இருக்கு. "கிளேட்டன் நல்லாப் படிக்கிறான். ஆனா நடக்காததையெல்லாம் நடந்த மாதிரியே சொல்றான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வருதுன்னு வீட்ல கொஞ்சம் பாருங்க." அதே கையெழுத்து. அதே குத்தல்.

பெர்னிஸ்: அப்ப என்னக் கூப்பிட்டது... எலினோரோட இடுப்பு?

கார்னீலியா: எலினோர் ஃப்ளோரிடாவுல நீச்சலடிச்சுட்டு இருக்கா. மூணு வாரமா உங்களப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு காத்துட்டு இருந்தேன். நீங்க ஜெனரலோட சாப்பாட்டக் கிண்டல் பண்றதோட நிறுத்திக்கிட்டீங்க.

பெர்னிஸ்: நீங்களாச் சொல்றீங்களான்னு நான் காத்துட்டு இருந்தேன். சரி, ஒண்ணு மட்டும் புரியல. நான் எழுதினது உங்க நோட்டுல. நோட்டு உங்க வீட்ல. கிழிச்சு அடுப்புல போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க மேல இவ்ளோ பொறாமைப்பட்டு அந்தப் பக்கத்த மார்ஜரிகிட்டக் கொண்டு போய்க் குடுத்தது யாரு?

கார்னீலியா: நான்தான். நானே கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போய், அவ வீட்டுக் கதவத் தட்டி, "மார்ஜரி, யாரோ இப்படி எழுதிட்டுப் போயிட்டாங்க, நீ கட்டாயம் வந்து பாக்கணும்"னு அவ கையில குடுத்தேன். குடுத்துட்டு வந்த நாள்லருந்து நடுக்கம்தான்... நானா இந்தப் பொய்ய நிறுத்தத் தைரியம் வரல பெர்னிஸ்.